கொல்லும் வைரஸ், காக்கும் வைரஸ்



விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் ஆமத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. வெயில் மிகுந்த, மழை குறைந்த பூமி. உங்களில் ஒருவர் அந்த ஊரில் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் பெரியவர்கள் தீப்பெட்டி ஆலைக்கோ பட்டாசு ஆலைக்கோ வேலைக்குப் போகிறார்கள். கொல்லைப்புறத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. அவை வெறும் கோழிகள் அல்ல; பாட்டியின் சேமிப்பு. நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டுமா, திருவிழாவுக்குத் துணி எடுக்க வேண்டுமா, ஒரு சேவலைப் பிடித்து விற்றால் போதும்.

ஒரு நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தால், இரண்டு கோழிகள் இறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கி விழுகின்றன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிகின்றன. வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. ஒன்று கழுத்தைத் திருகிக்கொள்கிறது. நான்கைந்து நாட்களில் கொல்லைப்புறம் காலியாகிவிடுகிறது. "வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டது" என்கிறார் பாட்டி. இந்த நோயின் மற்றொரு பெயர் ராணிக்கேத் நோய். ஒரு வைரஸால் உண்டாவது.

அடுத்த முறை நீங்கள் முந்திக்கொள்கிறீர்கள். தடுப்பூசி முகாமுக்குக் கோழிகளைக் கூடையில் எடுத்துச் செல்கிறீர்கள். அங்கே கால்நடை மருத்துவர் இறக்கையின் அடியில் ஊசி போடுகிறார். "இந்த மருந்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறீர்கள். "ராணிக்கேத் வைரஸ்தான், உயிருள்ள வைரஸ்" என்கிறார் அவர்.

உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. போன முறை கோழிகளைக் கொன்ற அதே வைரஸா? உயிரோடா? அதை ஊசியில் ஏற்றினால் கோழி சாகாதா?

சாகாது. ஏனென்றால், பெயர் ஒன்றானாலும் இரண்டும் வேறு வேறு கால்வழி. அந்தச் சொல்லின் பொருளைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இனத்துக்குள்ளே வேற்றுமை

உங்கள் மாவட்டத்திலேயே ராஜபாளையம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய வெள்ளை வேட்டை நாயை நீங்கள் பார்த்திருக்கலாம். அதுவும் தெருவில் படுத்திருக்கும் நாயும் ஒரே உயிரினம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் உயரம், நிறம், ஓட்டம் எல்லாம் வேறாகிவிட்டன. கோழியிலும் சிறுவிடை, பெருவிடை, அசில் என்று பல உண்டு. எல்லாம் ஒரே இனம். ஆனால் ஒன்று போல் ஒன்று இல்லை.

நுண்ணுயிர்களிலும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாததால் நாம் அவற்றை ஒரே அச்சில் வார்த்தவை என்று எண்ணிவிடுகிறோம். எஷரிக்கியா கோலை என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடலிலும் என் குடலிலும் அது கோடிக்கணக்கில் வாழ்கிறது. நமக்கு ஒரு கெடுதியும் செய்வதில்லை. 1922ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்ட கே-12 என்ற கால்வழியை உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிறார்கள். ஆனால் இதே இனத்தைச் சேர்ந்த ஓ157:எச்7 என்பது இரத்தக் கழிச்சலை உண்டாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. 1982இல்தான் அதன் குணம் தெரியவந்தது. இனப் பெயரை மட்டும் சொன்னால் போதாது, எந்தக் கால்வழி என்றும் சொல்ல வேண்டும் என்பது விளங்குகிறது அல்லவா?

உறைமோர் சொல்லும் பாடம்

கால்வழி என்றால் என்ன? இதற்கு ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை. அடுக்களைக்குப் போனால் போதும்.

ஒவ்வோர் இரவும் அம்மா பாலில் ஒரு கரண்டி பழைய தயிரை ஊற்றி உறை குத்துகிறார். மறுநாள் அந்தத் தயிரிலிருந்து ஒரு கரண்டி அடுத்த பாலுக்கு. இன்றைய தயிரில் உள்ள பாக்டீரியா நேற்றைய தயிரின் பிள்ளை. நேற்றையது முந்தாநாளின் பிள்ளை. ஒரு நாள் தயிர் முழுவதும் தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிறோம். அன்று முதல் நம் வீட்டில் ஓடுவது அந்த வீட்டுக் கால்வழி. அவர்கள் வீட்டுத் தயிர் கெட்டியாகவும் நம் வீட்டுத் தயிர் புளிப்பாகவும் இருந்ததற்குப் பாலும் வெப்பமும் ஒரு காரணம். உறையில் இருந்த பாக்டீரியாவின் கால்வழி மற்றொரு காரணம்.

வீட்டுத் தயிரில் பல கால்வழிகள் கலந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் அப்படி விடுவதில்லை. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துத் தனியே வளர்க்கிறார்கள். அதன் சந்ததி முழுவதற்கும் ஒரு பெயர் கொடுக்கிறார்கள். ஆக, ஒரு மூலத்திலிருந்து வழிவழியாக வந்து, தன் இனத்தின் மற்றவற்றிலிருந்து பிரித்தறியத்தக்க குணத்தை மாறாமல் சந்ததிக்குக் கொடுத்துவரும் கூட்டமே கால்வழி. ஆங்கிலத்தில் இதைத்தான் ஸ்ட்ரெயின் என்கிறார்கள்.

இரண்டு சொற்களை நினைவில் வையுங்கள்: 'பிரித்தறியத்தக்க', 'சந்ததிக்கு'. வெயிலில் நின்று கறுத்துப்போனவர் வேறு கால்வழி ஆகிவிட மாட்டார். அந்தக் கறுப்பு பிள்ளைக்குப் போகாது. மரபுப் பொருளில் எழுதப்பட்ட வேற்றுமையே கணக்கில் சேரும்.

திரிபா, கால்வழியா?

கொரோனா காலத்தில் 'திரிபு' என்ற சொல் நாள்தோறும் செய்தித்தாளில் வந்தது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு திரிபுக்கு 2021 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 'டெல்டா' என்று பெயரிட்டது. திரிபும் கால்வழியும் ஒன்றா?

வைரஸ் பெருகும்போது தன் மரபுப் பொருளைப் படியெடுக்கிறது. படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. அப்படிப் பிழை ஏறிய ஒவ்வொரு படியும் ஒரு திரிபுதான். பெரும்பாலான பிழைகளால் எந்த மாற்றமும் தெரிவதில்லை. பிழையின் காரணமாக வேகமாகப் பரவுவது, கடுமையாகத் தாக்குவது, சூட்டைத் தாங்குவது போன்ற ஒரு புதுக்குணம் வந்து, அது நிலைத்தும் நின்றால் அதைத் தனிக் கால்வழி என்கிறோம். எல்லாக் கால்வழியும் திரிபே. எல்லாத் திரிபும் கால்வழி ஆகிவிடாது. எவ்வளவு மாறினால் தனிப் பெயர் என்பதற்கு எல்லா உயிர்க்கும் பொதுவான அளவுகோல் இல்லை. அந்தந்தத் துறையினர் வசதியைப் பொறுத்தது. செய்தித்தாள்கள் இரண்டு சொற்களையும் கலந்தே எழுதுகின்றன.

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படிப்பவர்களுக்கு இன்னொரு குழப்பமும் வரலாம். கம்பியை இழுத்தால் நீளம் மாறும் விகிதத்தையும் நாம் 'திரிபு' என்றுதான் படிக்கிறோம். அதற்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை.

மலையூரின் பெயர் நோய்க்கு வந்த கதை

இனி நம் கோழிக்கு வருவோம். இந்த நோய் 1926இல் ஜாவா தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதனால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. 1927இல் இமயமலைச் சாரலில் குமாவுன் பகுதியிலுள்ள ராணிக்கேத் என்ற ஊரில் கோழிகள் மடிந்தன. நம் நாட்டில் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

அதே குமாவுன் மலையில் முக்தேசுவரம் என்ற இடத்தில் 1893 முதல் கால்நடை நோய் ஆய்வுக்கூடம் ஒன்று இயங்கிவந்தது. அங்கே 1940களில் ஒரு முயற்சி நடந்தது. கொடிய வைரஸைக் கருவுற்ற கோழிமுட்டைக்குள் செலுத்தி வளர்ப்பார்கள். அதிலிருந்து எடுத்து அடுத்த முட்டைக்கு. அதிலிருந்து இன்னொரு முட்டைக்கு. நம் உறைமோர் போலவே!

இதனால் என்ன ஆகிறது? வளர்ந்த கோழியின் உடலில் ஒரு வைரஸ் பல தடைகளைத் தாண்ட வேண்டும். முட்டைக்குள் அந்தத் தடைகள் இல்லை. அங்கே வேகமாகப் பெருகத் தெரிந்தவையே அடுத்த முட்டைக்குப் போகின்றன. கோழியைக் கொல்லும் திறமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பல சுற்றுகள் கழிந்ததும் முட்டைக்குப் பழகி, கோழியிடம் கடுமை குறைந்த ஒரு கால்வழி கிடைத்தது. அதற்கு முக்தேசுவரம் கால்வழி என்று பெயர். இதே காலத்தில் வாத்துக் குஞ்சுகளின் வழியாகச் செலுத்திக் கடுமை குறைக்கப்பட்ட கோமரோவ் என்ற கால்வழியும் உருவாயிற்று. இராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கும் ஆர்.டி.வி.கே. தடுப்பூசியின் கடைசி எழுத்தான 'கே' குறிப்பது இந்தக் கால்வழியைத்தான்.

யாரும் சாதுவாக்காமல் இயற்கையிலேயே சாதுவான கால்வழிகளும் உண்டு. 1946இல் அமெரிக்காவில் ஒரு பண்ணையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட லசோட்டா அத்தகையது.

கடுமையை அளப்பது எப்படி?

'கொடியது', 'சாது' என்று வாயால் சொன்னால் அறிவியல் ஆகாது, அளக்க வேண்டும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. குறித்த அளவு வைரஸைக் கருமுட்டைகளில் செலுத்தி, கரு எத்தனை மணி நேரத்தில் இறக்கிறது என்று சராசரி பார்ப்பார்கள். 60 மணிக்குள் இறந்தால் கொடிய கால்வழி. 60 முதல் 90 மணி வரை என்றால் நடுத்தரம். 90 மணிக்கு மேல் என்றால் சாது. முக்தேசுவரமும் கோமரோவும் நடுத்தரம். லசோட்டாவும் எஃப் என்ற கால்வழியும் சாது.

ஊசி போடும் வயதுக்கும் இதுவே காரணம். நடுத்தரக் கால்வழியைச் சின்னஞ்சிறு குஞ்சு தாங்காது. எனவே முதல் வாரத்தில் எஃப் அல்லது லசோட்டாவைக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடுகிறார்கள். சுமார் எட்டு வார வயதான பிறகே நடுத்தரக் கால்வழி ஊசி.

பொட்டலமும் கத்தரிக்கோலும்

ஒரே வைரஸின் இரு கால்வழிகளுக்குள் இவ்வளவு பெரிய வேற்றுமை எங்கே ஒளிந்திருக்கிறது? இந்த வைரஸின் மரபுச் செய்தி முழுவதும் ஏறக்குறைய 15,200 எழுத்துக்கள்தான். அதில் ஒரு சிறிய இடத்தைப் பார்ப்போம்.

வைரஸின் மேற்பரப்பில் இணைப்புப் புரதம் என்று ஒன்று உண்டு. கோழியின் உயிரணுவுக்குள் நுழைய அதுவே கருவி. ஆனால் அது மளிகைக் கடைப் பொட்டலம் போல நூல் சுற்றிய நிலையில் இருக்கிறது. நூலை அறுத்தால்தான் வேலை செய்யும். அறுக்கும் கத்தரிக்கோல் வைரஸிடம் இல்லை. கோழியின் உடலிலுள்ள நொதிகளே கத்தரிக்கோல்.

சாதுவான கால்வழியின் நூலை அறுக்கக்கூடிய நொதி மூச்சுக்குழலிலும் குடலிலும்தான் இருக்கிறது. வீட்டில் இரண்டே அறைகளில் கத்தரிக்கோல் இருப்பது போல. ஆகவே வைரஸ் அந்த இரண்டு இடங்களைத் தாண்டிப் பரவ முடிவதில்லை. கொடிய கால்வழியிலோ அறுபடும் இடத்தில் ஆர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கின்றன. அந்த நூலை ஃபியூரின் என்ற நொதி அறுத்துவிடும். ஃபியூரின் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் உண்டு. எல்லா அறைகளிலும் கத்தரிக்கோல்! மூளை, ஈரல், மண்ணீரல் என்று வைரஸ் எங்கும் பாய்கிறது. கோழி கழுத்தைத் திருகுவது மூளையும் நரம்பும் தாக்கப்பட்டதன் அடையாளம்.

புரதத்தில் 112 முதல் 117 வரையுள்ள ஆறே இடங்களில்தான் இந்த வேற்றுமை. ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. நடுத்தரக் கால்வழிகளின் அறுபடும் இடம் பெரும்பாலும் கொடியவற்றைப் போலவே இருக்கிறது. அவற்றின் கடுமையைக் குறைப்பவை வேறு மரபணுக்களின் மாற்றங்கள். குணம் ஒன்றாக இருந்தாலும் காரணம் பலவாக இருக்கலாம்.

வேற்றுமையால் சாகாது, ஒற்றுமையால் தப்பும்

தடுப்பூசி ஏன் கொல்லவில்லை என்று கண்டோம். ஏன் காக்கிறது?

நூல் முடிச்சு வேறானாலும் பொட்டலத்தின் வெளித்தோற்றம் ஏறத்தாழ ஒன்றே. கோழியின் தற்காப்பு அமைப்பு வெளித்தோற்றத்தைத்தான் மனத்தில் பதித்துக்கொள்கிறது. சாதுவை ஒரு முறை பார்த்துப் பழகிய கோழி, பின்னால் கொடியது வரும்போது அடையாளம் கண்டு மடக்கிவிடுகிறது. கடுமையில் வேற்றுமை, தோற்றத்தில் ஒற்றுமை. இரண்டும் சேர்ந்ததால்தான் தடுப்பூசி என்பதே சாத்தியமாயிற்று.

தோற்றமே மாறிவிட்டால் என்ன ஆகும்? நம் சென்னையிலேயே அது நடந்தது. பெருவாரியாகப் பரவும் காலராவுக்கு ஓ1 என்ற வகைக் கிருமியே காரணம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1992இன் பிற்பகுதியில் சென்னையில் காலரா நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி ஓ1 சோதனைக்குச் சிக்கவில்லை. அது ஓ139 என்ற புதியது. பழைய கிருமியின் மேலுறையை உருவாக்கும் மரபணுக்கள் மட்டும் மாறிப்போய் உண்டானது. காலரா அடிக்கடி வரும் இடங்களில் பெரியவர்களுக்குப் பழைய கிருமியிடம் எதிர்ப்புத் திறன் இருக்கும். குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுவார்கள். புதியது வந்தபோது பெரியவர்களும் விழுந்தார்கள். உடல் தெரிந்து வைத்திருந்த முகம் வேறு. வந்த முகம் வேறு.

விதையைக் காப்பது

கால்வழி என்றென்றும் மாறாமல் நிற்குமா? அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கோழிப் பண்ணைகளில் சாதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ராணிக்கேத் கால்வழியில், அந்த அறுபடும் இடத்தின் எழுத்துக்கள் மாறி, 1998 முதல் கொடிய நோய் கிளம்பியது. வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல, வீட்டுப்பிள்ளையே மாறிவிட்டது.

காசநோய்க்கான பி.சி.ஜி. கிருமியும் இதே பாடத்தைச் சொல்கிறது. பிரான்சில் கால்மெட், கெரான் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கினார்கள். பிறகு அதை உலகெங்கும் பல ஆய்வுக்கூடங்கள் வாங்கி, தத்தம் இடத்தில் வளர்த்தன. சில பத்தாண்டுகளில் டென்மார்க், ஜப்பான், பிரேசில் என்று இடத்துக்கு ஒரு கால்வழி ஆகிவிட்டது!

இதனால் இப்போது 'விதை' முறை கையாளப்படுகிறது. நம் விவசாயிகள் விதைநெல்லைத் தனியே கட்டி வைப்பது போல, சோதித்த கால்வழியை உறைய வைத்து உலர்த்திப் பூட்டி வைக்கிறார்கள். மருந்து தயாரிக்க அதிலிருந்து எடுத்துச் சில சுற்றுகள் மட்டுமே வளர்க்கலாம். தயிரிலிருந்து தயிர், அதிலிருந்து தயிர் என்று முடிவில்லாமல் போகக்கூடாது.

ஆமத்தூர் வெயிலும் ஒரு கேள்வி

கடைசியாக ஒரு சிக்கல். உயிருள்ள தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். கோடையில் ஆமத்தூர்ச் சாலையில் பனிக்கட்டி இல்லாமல் மருந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால், ஊசியில் ஏறுவது செத்த வைரஸாகவே இருக்கும். கோழிக்கு ஊசியும் போட்டாயிற்று, நோயும் வந்துவிட்டது என்று சிலர் குறைபட்டுக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

பனிக்கட்டியை ஊர் ஊராகக் கொண்டு செல்வது ஒரு வழி. வெயிலைத் தாங்கும் கால்வழியைத் தேடுவது இன்னொரு வழி. ஆஸ்திரேலியாவில் கண்டெடுத்த வி4, ஐ-2 என்ற சாதுவான கால்வழிகள் சூட்டைத் தாங்குபவை. அவை ஆசிய, ஆப்பிரிக்கக் கிராமங்களில் பயன்பட்டன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் டி-58 என்ற வெப்பம் தாங்கும் கால்வழியைக் கொண்டு, தீவனம் போலக் கோழி கொத்தித் தின்னும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. மரத்தில் ஏறி அடையும் கோழியை ஓடிப் பிடிக்கும் சிரமமும் மிச்சம்!

நீங்கள் செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தை ஒட்டிக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்திவருகிறது. உங்கள் ஊரில் நடக்கும்போது ஒரு நோட்டுடன் போய் நில்லுங்கள். மருந்துக் குப்பியின் மேல் கால்வழியின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டி இருக்கிறதா, கரைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கவனியுங்கள். எத்தனை வீடுகள் கோழி கொண்டுவந்தன, எத்தனை வீடுகள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். நோயுற்ற கோழியை மட்டும் கையால் தொடாதீர்கள். இறந்ததைக் குப்பையில் எறியாமல் ஆழமாகப் புதைக்கச் சொல்லுங்கள்.

பிறகு பாட்டியிடம் சொல்லுங்கள். கொல்லைப்புறத்தைக் காலியாக்கியதும் ராணிக்கேத் வைரஸ்தான். இனிக் காக்கப் போவதும் ராணிக்கேத் வைரஸ்தான். இரண்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்று; கால்வழி வேறு. "ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி ஒரே குணமாகவா இருக்கிறார்கள்?" என்று அவர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்டால், இந்தக் கட்டுரை முழுவதையும் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.